சொல்லிக் கொடுத்த சொல்

பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வரும் நாள் எப்படியிருக்கும் என்பதை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். முதல் நாள் மாலையே சுவர்களில் படங்கள் ஏறும். கரும்பலகைக்குப் புது மெருகு வந்துவிடும். நாம் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தார். கெட்டிக்காரர். "ஐயா கேள்வி கேட்டதும் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலக்கையைத் தூக்கு; தெரியாதவன் இடக்கையைத் தூக்கு" என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார். மறுநாள் ஆய்வாளர் வருவார், கேள்வி விழும், வகுப்பு முழுவதும் கை உயரும். ஆசிரியர் வலக்கை ஒன்றைப் பார்த்துச் சுட்டுவார். பிசகில்லாத விடை வரும். வந்தவர் மனம் நிறைந்து, குறிப்பேட்டில் நல்லபடியாக நான்கு வரி எழுதிவிட்டுப் போவார்.

அந்த வகுப்பில் பொய் சொன்னவர் யார்? விடை சொன்ன மாணவன் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான். இடக்கையைத் தூக்கியவன் வாயே திறக்கவில்லை. ஆசிரியரும் ஒரு சொல் பொய் பேசவில்லை. ஆயினும் ஆய்வாளர் ஏமாற்றப்பட்டார் என்பதில் ஐயமுண்டா? ஒருவர் வாயிலிருந்தும் பொய் வராமலே ஒரு முழுப் பொய்யை நிறுத்திக் காட்டிவிட முடியும் என்பதை நாம் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். பல்லாண்டுகளுக்குப் பின் அதே காட்சியை மிகப் பெரிய அரங்கு ஒன்றில் காண நேர்ந்தது. அந்த அரங்கில் ஆசிரியர் இடத்தில் நின்றது ஒரு வல்லரசின் பாதுகாப்புத் துறை. மாணவர் இடத்தில் அமர்ந்திருந்தோர் போர்க்களத்துச் சிப்பாய்கள். அக்காட்சியைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

2005ஆம் ஆண்டு அக்டோபர் 13. ஈராக்கின் புதிய அரசியல் சட்டத்தின் மீது அந்நாட்டு மக்கள் வாக்களிக்க இன்னும் இரண்டே நாள். வாஷிங்டனில் இருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், திக்ரித் நகரில் இருந்த அமெரிக்க வீரர்களுடன் செயற்கைக்கோள் வழியாக உரையாடினார். நாற்பத்திரண்டாம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த பத்து அமெரிக்கரும், அவர்களுடன் ஈராக் நாட்டுச் சிப்பாய் ஒருவரும் வரிசையாக அமர்ந்திருந்தனர். தலைவர் கேட்டார், வீரர்கள் விடையிறுத்தனர். பாதுகாப்பு நிலை சீரடைந்து வருகிறது, ஈராக்கியப் படையினர் தேறி வருகின்றனர், மக்கள் வாக்களிக்க ஆவலாய் உள்ளனர் என்பவை அவ்விடைகளின் சாரம். ஈராக்கியச் சிப்பாய் தம் பங்குக்கு நன்றி நவின்று, தலைவர்பால் தமக்குள்ள அன்பையும் தெரிவித்தார். இதனை வீரர்களுடன் ஓர் 'உரையாடல்' என்றே முன்னதாக அறிவித்திருந்தனர்.

அன்று வேறொன்றும் நிகழ்ந்தது. செயற்கைக்கோள் இணைப்பு முன்னரே திறந்திருந்தமையால், உரையாடலுக்கு முன் நடந்த ஒத்திகையையும் செய்தியாளர்கள் கண்டுவிட்டனர். பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலரான அல்லிசன் பார்பர் என்னும் அம்மையார், அதிபர் நிற்க வேண்டிய இடத்தில் தாம் நின்றுகொண்டு, எதிரே திரையில் தெரிந்த வீரர்களை வரிசைப்படுத்தினார். தலைப்புகள் மூன்று: பொதுவான பாதுகாப்பு நிலை, வாக்கெடுப்புக்கான காவல் ஏற்பாடு, ஈராக்கியப் படையின் பயிற்சி. முதற் கேள்விக்கு விடை சொல்பவர் யார், சொன்னதும் ஒலிவாங்கியை எவர் கையில் கொடுப்பார், திக்ரித் மக்களைப் பற்றிய பேச்சு வந்தால் அது யாருக்கு உரியது என்றெல்லாம் ஒவ்வொன்றாய்க் கேட்டுச் சரிபார்த்தார். எழுதி வைத்ததற்குப் புறம்பாகத் தலைவர் ஏதேனும் கேட்டுவிட்டால் அதை யார் தாங்கிக் கொள்வது என்பதற்குக்கூட ஓர் ஆள் குறிக்கப்பட்டிருந்தார்.

இத்தனையிலும் நம் நெஞ்சில் தைத்தது ஒரு சிறு குறிப்பு. 2001ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் தலைவர் நியூயார்க்குக்கு வந்தபோது தாம் அங்கிருந்ததை நினைவுகூரவிருந்தார் ஒரு பெண் வீரர். அதைச் சொல்லப் புகுமுன் சற்றே மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு நேரே தலைவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள் என்று அம்மையார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த மூச்சை நாம் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. தலைப்பு இன்னதென்று முன்கூட்டிச் சொல்வது ஏற்பாடு; அதில் குற்றமில்லை. ஒலிவாங்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதும் ஏற்பாடே. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், ஒலி சற்றுத் தாமதித்து வந்து சேரும் இணைப்பில், அது தேவையுங்கூட. ஆனால் மூச்சு? மூச்சு செய்தியன்று; அது உணர்ச்சியின் அடையாளம். பேசுபவர் நெஞ்சு தளும்புகிறது, சொல் வெளிவரத் தயங்குகிறது என்று கேட்பவர் நம்புவதற்காக இடப்படும் இடைவெளி அது. நாடக ஆசிரியன் நடிகைக்குச் சொல்லித்தர வேண்டியதை ஓர் அரசு அலுவலர் ஒரு சிப்பாய்க்குச் சொல்லித் தந்தார். அப்பெண் சொன்ன செய்தி மெய். அவருடைய பற்றும் மெய்யாகவே இருக்கலாம். அந்த மூச்சு மட்டும் இரவலாக வந்தது. அவரோ அப்படைப்பிரிவின் செய்தித் தொடர்புப் பணியில் இருந்தவர் என்பது பின்னர் வெளிவந்தது. களத்தில் துப்பாக்கியுடன் காவல் சுற்றுபவர்களின் குரலாக நேயர்கள் கேட்ட குரல்களுள் ஒன்று, படையைப் பற்றி நல்லபடி எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்டவருடைய குரல்!

ஒத்திகை அம்பலமானதும் வெள்ளை மாளிகையும் பென்டகனும் விளக்கம் தந்தன. வீரர்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமென்று யாரும் கட்டளையிடவில்லை. அவர்கள் சொன்னவை அவர்களுடைய சொந்தக் கருத்துகளே என்பது அவ்விளக்கம். அதை நாம் மறுக்கப் போவதில்லை. மறுக்க வேண்டிய தேவையுமில்லை. வலக்கையைத் தூக்கிய மாணவனும் தன் சொந்த விடையைத்தானே சொன்னான்!

இங்கே, இத்தகைய நிகழ்ச்சிகளுக்காகப் பரிந்து பேசுவோரின் வாதத்தை நேர்மையோடு எடுத்து வைப்போம். மேடைக்குப் பழகாத இளைஞன் நாட்டின் தலைவர் முன்னிலையில், கோடிக்கணக்கானோர் பார்க்கையில் நா வறண்டு நின்றுவிடக் கூடும். அவனுக்குச் சிறிது பயிற்சி தருவது அவனுக்குச் செய்யும் உதவியல்லவா? திருமண மேடையில் வாழ்த்துரை வழங்கப் போகும் பெரியவர்கூட வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வதில்லையா? இதுவரை பதவியிலிருந்த தலைவர்களில் எவர் ஒத்திகையின்றிப் படைவீரர் நடுவே படம் பிடித்துக்கொண்டார்? இவ்வாறெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகளே. ஒத்திகை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் 'மோசடி' என்று கூவுவோருடன் நாம் சேரமாட்டோம்.

சேராததற்குக் காரணமும் உண்டு. ஒத்திகை பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, அதே போரில், பேருண்மை ஒன்றை வெளிக்கொணர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 8. குவைத்தில், ஈராக்குக்குள் செல்லக் காத்திருந்த வீரர்களிடையே பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்பெல்டு உரையாற்றிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். டென்னசி மாநிலப் படையைச் சேர்ந்த சிப்பாய் ஒருவர் எழுந்தார். எங்கள் வண்டிகளுக்குக் கவசம் இல்லை. குப்பைமேடுகளைக் கிளறித் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் உடைந்த கண்ணாடிகளையும் பொறுக்கி நாங்களே ஒட்டிக்கொண்டு போருக்குப் போகிறோம். இது ஏன் என்று கேட்டார். கூடியிருந்த வீரர்கள் ஆரவாரம் செய்தனர். அமைச்சர் சற்றே தடுமாறினார். இருக்கும் படையைக் கொண்டுதான் போருக்குப் போக முடியும், நாம் விரும்பும் படையைக் கொண்டு அன்று என்ற பொருள்பட அவர் சொன்ன விடை உலகெங்கும் பரவிற்று.

அந்தக் கேள்வியும் தானாக எழுந்ததன்று. படையுடன் பயணம் செய்துகொண்டிருந்த செய்தியாளர் ஒருவர், தமக்குக் கேள்வி கேட்க அனுமதியில்லாமையால், வீரர்களோடு கலந்து பேசி அக்கேள்வியை உருவாக்கினார். அந்த வீரருக்கு வாய்ப்புக் கிட்டவும் வழி தேடினார். இது வெளிவந்ததும் அமைச்சரின் ஆதரவாளர்கள், பார்த்தீர்களா, இதுவும் ஒத்திகைதான், இதுவும் ஏமாற்றுதான் என்றார்கள். ஆனால் கேள்வியின் உள்ளீடு பொய்யாகிவிட்டதா? வண்டிகளுக்குக் கவசம் இல்லாதது மெய். அடுத்த சில நாட்களிலேயே, கவச வண்டி ஆக்கும் நிறுவனம் மாதம் 450 வண்டி என்பதை 550ஆக உயர்த்த இயலும் என்று தெரிவித்தது. படைத்துறையும் அதற்கு இசைந்தது. அதுவரை யாரும் கேட்காததால் கூடாமல் கிடந்த நூறு வண்டி! செய்தியாளர் தம் பங்கைத் தாமே வெளிப்படச் சொல்லியிருக்கலாம் என்பது நம் கருத்து. அதில் அவருக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். ஆனால் அந்தச் சிப்பாயின் வாயிலிருந்து வந்தது, அதைச் சொல்வதால் அவருக்கு இடர் வரக்கூடிய சொல். அதனால்தான் அதற்கு எடை இருந்தது.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். சாட்சி சொல்பவன் முன்கூட்டி யோசித்தானா இல்லையா என்பது பெரிதன்று. 'இல்லை' என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்ததா என்பதே கேள்வி. 'இல்லை' சொல்ல முடியாதவன் வாயிலிருந்து வரும் 'ஆம்' எதற்கும் சாட்சியாகாது.

திக்ரித்தில் அமர்ந்திருந்த வீரர்களின் நிலை என்ன? அவர்களுள் ஒலிவாங்கி பெற்றுப் பேசியவர்களில் பலர் கேப்டன் பதவியிலிருந்த அதிகாரிகள். 1950இல் இயற்றப்பட்ட அமெரிக்கப் படைத்துறை நீதிச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, அதிபரையோ பாதுகாப்பு அமைச்சரையோ இழித்துப் பேசும் படையதிகாரியை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த இடமளிக்கிறது. அப்படியொரு சட்டம் இருப்பதை நாம் குறை சொல்லவில்லை. படை என்று ஒன்றிருந்தால் ஒழுங்கும் இருக்கவே வேண்டும். அடக்கமின்றி ஆளுக்கொரு பக்கம் பேசும் படையை எந்த நாடும் விரும்பாது. ஆனால் அந்த ஒழுங்கு தரும் மௌனத்தையே ஒப்புதலாகக் காட்டுவது எவ்வகை நியாயம்? எதிரே இருப்பவர் படையின் தலைமைத் தளபதி; கேட்பவர் அவர். போர் எப்படி நடக்கிறது என்று தளபதி கேட்டால் கேப்டன் என்ன சொல்வார்? நன்றாக நடக்கிறது என்பார். சொல்லிக் கொடுத்தாலும் அதையே சொல்வார். சொல்லிக் கொடுக்காவிட்டாலும் அதையே சொல்வார். ஆகவே ஒத்திகை வீரர்களின் விடையை மாற்றியிராது என்று அரசு சொன்னது சரியே. சிக்கலும் அதிலேதான் அடங்கியிருக்கிறது.

அதே படை, அதே இலையுதிர் காலத்தில், வேறோர் அவையில் எப்படிப் பேசிற்று என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரையாடலுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னர், 2005 செப்டம்பர் 29 அன்று, ஈராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி ஜார்ஜ் கேசி செனட் சபையின் படைத்துறைக் குழுமுன் வந்தார். கேள்வி கேட்டவர்கள் அவர் தேர்ந்தெடுத்தவர்களல்லர். அவர்களுள் எதிர்க்கட்சியினரும் இருந்தனர். அமெரிக்கரின் துணையின்றித் தனித்துப் போரிடக் கூடிய ஈராக்கியப் பட்டாளங்கள் எத்தனை என்று கேட்டார்கள். மூன்றாக இருந்தது இப்போது ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்று தளபதி ஒப்புக்கொண்டார். மூன்று ஒன்றாயிற்று! இரண்டாண்டுக்கும் மேலாகப் பெரும்பொருள் செலவிட்டுத் தந்த பயிற்சியின் விளைவு அது.

அக்டோபர் 13ஆம் நாள் ஒத்திகையில் குறிக்கப்பட்ட மூன்று தலைப்புகளுள் ஒன்று, ஈராக்கியப் படையின் பயிற்சி. அதைப் பற்றிய பேச்சும் வந்தது. ஈராக்கியர் தேறி வருகிறார்கள் என்ற விடையும் வந்தது. அந்தக் கேப்டன் தம் கண்ணெதிரே கண்ட சில நூறு ஈராக்கிய வீரர்கள் மெய்யாகவே தேறியிருக்கக் கூடும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தளபதி செனட்டில் சொன்ன அந்த 'ஒன்று' அன்று அந்த அறைக்குள் வரவில்லை. அது இடக்கையைத் தூக்கிக்கொண்டு வாய் திறவாமல் வெளியே நின்றது.

மக்கள் தம் மைந்தரைப் போருக்கு அனுப்பிவிட்டு, அப்போர் தொடர வேண்டுமா என்று எடை போடும் நாட்களில் இது நடந்தது. அந்த உரையாடல் முடிந்து பன்னிரண்டு நாட்களில், அக்டோபர் 25 அன்று, ஈராக்கில் உயிர்துறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 2000ஐ எட்டிற்று. மாண்ட ஈராக்கியரை அன்று ஒழுங்காக எண்ணுவோரும் இல்லை. எடை போடும் கைகளில் ஒரு தட்டை மட்டும் கொடுத்துவிட்டு, தராசே இதுதான் என்று சொல்வது சிறு பிழையன்று.

இதற்கு ஈராண்டு முன்னரே இதைப்போன்ற இன்னொரு காட்சி அரங்கேறியது நினைவிருக்கலாம். 2003 மே 1. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருந்த நம் வீடுகளில் அந்தக் கோடையில் தொலைக்காட்சிப் பெட்டி ஓய்ந்ததே இல்லை. குவைத் பக்கம் ஏவுகணை என்றால் போதும், அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஆப்ரகாம் லிங்கன் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மீது சிறு போர்விமானத்தில் வந்திறங்குகிறார் புஷ், விமானியின் உடையில். பின்னர் பெரும்போர் முடிந்ததென்று உரையாற்றுகிறார். தலைக்கு மேலே, 'பணி நிறைவேறியது' என்னும் பெரிய பதாகை. சூழக் கடற்படையினரின் மலர்ந்த முகங்கள்.

கப்பல் கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்டாத தொலைவில் இருக்கும், ஆதலால் விமானம் தேவை என்று முதலில் சொன்னார்கள். கப்பலோ சான் டியாகோ நகரை நெருங்கி, ஹெலிகாப்டரே எட்டிவிடும் தொலைவில் இருந்தது. பதாகையைக் கப்பல் வீரர்களே வைத்தார்கள் என்று அவ்வாண்டு அக்டோபரில் புஷ் சொன்னார். வீரர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அதனைச் செய்து தந்தது வெள்ளை மாளிகையே என்று பிறகு விளக்கம் வந்தது. இத்தகைய சிறு திருத்தங்களை நாம் பெரிதுபடுத்தவில்லை. அந்தப் பதாகையின் பொருளைத்தான் பார்க்கிறோம். ஏறத்தாழப் பத்து மாதம் கடலிலேயே கழித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அக்கப்பலின் மாலுமிகளுக்குப் பணி மெய்யாகவே நிறைவேறியிருந்தது. அவர்கள் முகத்து மகிழ்ச்சி நடிப்பன்று. மனைவியையும், கப்பல் புறப்பட்ட பின் பிறந்த குழந்தையையும் காணப் போகிறவனின் மகிழ்ச்சி அது. கப்பலைப் பொறுத்தவரை மெய்யாயிருந்த சொல்லைப் போரின் மேல் கொண்டுபோய்க் கட்டினார்கள். அங்கே அது பொய்யாயிற்று. அன்றுவரை ஈராக்கில் மாண்ட அமெரிக்கப் படையினர் சுமார் 140 பேர். 2011இல் படைகள் வெளியேறியபோது அத்தொகை ஏறத்தாழ 4500. 'நிறைவேறிய' பணிக்குப் பின்னே மாண்டவர்களே மிகப் பலர்!

கண்டனம் செய்வோரும் கவனமாயிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று சொல்லி அப்பால் செல்வோம். அதே 2003 நவம்பரில் புஷ் பாக்தாத் விமான நிலையத்தில் வீரர்களுடன் நன்றியறிதல் நாள் விருந்துண்டார். பொன்னிறத்தில் வறுத்த முழு வான்கோழியைத் தட்டில் ஏந்தி அவர் நின்ற படம் நாடெங்கும் வெளியாயிற்று. அது பரிமாறுவதற்காக வைத்ததன்று, மேசை அலங்காரத்துக்காக வைத்தது என்று சில நாளில் தெரிந்தது. உடனே 'பிளாஸ்டிக் கோழி' என்று ஒரு பேச்சுக் கிளம்பி, இன்றுவரை பலர் அதையே சொல்லித் திரிகிறார்கள். அது பிளாஸ்டிக்கன்று, உண்மைக் கோழியே. வீரர்களுக்கு அன்று விருந்தும் உண்மையாகவே பரிமாறப்பட்டது. பொய்யை இடித்துரைக்கப் புறப்பட்டவர்கள் தாமே ஒரு பொய்யைச் சமைத்துக்கொண்டது பரிதாபம்.

சிப்பாய்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்தக் காட்சிகளில் முதலில் இழப்பவர்கள் அவர்களே. ஜெசிகா லிஞ்ச் என்னும் இளம் பெண்ணின் கதையை எண்ணிப் பாருங்கள். 2003 மார்ச்சில் நாஸிரிய்யாவில் சிறைப்பட்டு, ஏப்ரல் முதல் நாள் மருத்துவமனையிலிருந்து மீட்கப்பட்டார். இருளில் எடுத்த அம்மீட்புப் படத்தைப் படைத்துறையே உலகுக்கு வழங்கிற்று. கடைசித் தோட்டா தீருமட்டும் போரிட்ட வீராங்கனை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. நான்காண்டு கழித்து, 2007 ஏப்ரல் 24இல், அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து அப்பெண்ணே அதனை மறுத்தார்: தாம் அப்படிப் போரிடவில்லை, உண்மையே போதுமாயிருக்கையில் ஏன் கதை கட்டினார்கள் என்று தமக்கு விளங்கவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். படையின் உடையைக் களைந்த பின்னரே அச்சொல் வெளிவந்தது என்பது கவனிக்கத்தக்கது. தம்மைப் புகழ்ந்து சொல்லப்பட்ட பொய்யையே மறுத்துரைக்கும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கேமரா முன் அவரை வீராங்கனை ஆக்கியவர்கள் காணாத வீரம் அது.

எங்கே ஏற்பாடு முடிகிறது, எங்கே ஏமாற்று தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியுமா என்று கேட்கலாம். அமெரிக்க நாட்டின் சட்டமே ஒரு கோட்டைக் கிழித்து வைத்திருக்கிறது. திக்ரித் உரையாடலுக்கு இரு வாரத்துக்கு முன், செப்டம்பர் 30ஆம் நாள், அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. கல்வித் துறை ஒரு தொலைக்காட்சிக் கருத்துரையாளருக்குப் பணம் கொடுத்துத் தன் திட்டத்தைப் புகழச் செய்து, அதை மறைத்ததால், அது மறைமுகப் பிரசாரம். சட்ட விரோதம் என்பது அத்தீர்ப்பு. அரசு தன் திட்டத்தைப் புகழ்ந்துகொள்வது குற்றமன்று. புகழ்வது அரசுதான் என்பதை மறைத்து, வேறொருவர் நாவில் தன் சொல்லை வைப்பதே குற்றம். அதே அளவுகோலைத் திக்ரித் நிகழ்ச்சியின் மேல் வைத்துப் பார்த்தால் நமக்கு வேறு முடிவு தோன்றவில்லை. 'தலைவர் தேர்ந்த மூன்று தலைப்புகளில், படைத்துறை தேர்ந்த பதினொருவர், முன்னரே பழகிக்கொண்டு வந்து பேசுகிறார்கள்' என்று திரையின் அடியில் ஒரு வரி போட்டிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். அதை எவ்வளவு பேர் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கதை. நாடகம் பார்க்கப் போகிறவனுக்கு அது நாடகமென்று தெரியும். அங்கே ஒத்திகை கலைக்குச் செய்யும் மரியாதை. 'உரையாடல்' என்று பெயரிட்டு அழைத்து நாடகம் காட்டினால், நாடகத்துக்கும் இழுக்கு, உரையாடலுக்கும் இழுக்கு.

'சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். திக்ரித்தில் சொல்லிக் கொடுத்த சொல் இரண்டு நாளைக்குத்தான் வந்தது.

அக்டோபர் 15ஆம் நாள் ஈராக்கில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வாக்களிக்க ஆவலாய் இருக்கிறார்கள் என்று வீரர்கள் சொன்னது முற்றிலும் உண்மை என்று அன்று மெய்ப்பட்டது. திக்ரித்தைத் தலைநகராகக் கொண்ட ஸலாஹுத்தீன் மாகாணத்தில் மக்கள் திரண்டு வந்தனர். நாடு முழுவதிலும் அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் வாக்களிக்க, அச்சட்டம் நிறைவேறிற்று. ஆனால் திக்ரித்தின் மாகாணத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்திருந்தனர். பக்கத்து அன்பார் மாகாணத்தில் எதிர்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறைத் தாண்டிற்று. அந்நகர மக்களின் ஆவல் எத்தன்மையது என்று அக்டோபர் 13 அன்று திரையைப் பார்த்திருந்த எந்த அமெரிக்கக் குடும்பத்துக்கும் தெரிய வழியில்லை. திக்ரித் மக்களைப் பற்றிய கேள்வி வந்தால் யார் விடை சொல்வது என்பது ஒத்திகையிலேயே தீர்மானமாகியிருந்தது. திக்ரித் மக்களுள் ஒருவரை அழைத்துக் கேட்கலாம் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.